கியரில் நிறுத்திய வண்டி

சேற்றுக் குட்டையிலிருந்து தூக்கியபோதும் வண்டி முதல் கியரிலேயே இருந்தது. அந்த ஒரே காரணத்தை வைத்துத் தன் தம்பியைக் குற்றவாளி ஆக்கிவிட்டார்கள் என்றார் எங்கள் ஆபீசுக்கு வந்த அம்மா. சொல்லிவிட்டு அழவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சேலைத் தலைப்பில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு மேடத்தைப் பார்த்தார்.

மேடம் என் முதலாளி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அடிபட்ட வண்டிகளைப் பார்வையிடும் சர்வேயராக இருந்தவர். பார்த்ததைப் பார்த்தபடி எழுதி எழுதியே மேலதிகாரிகளுக்கு வேண்டாதவராகி, வேலையை விட்டுவிட்டுத் துப்பறியக் கிளம்பியவர். நொறுங்கிய வண்டியைக் காட்டினால் ஓட்டினவன் குணத்தையே சொல்வார். ஆனால் அவருக்கு சைக்கிள்கூட ஓட்ட வராது. எங்கே போனாலும் என் ஸ்கூட்டரின் பின்சீட்டுதான். ஆகவே எங்கள் நிறுவனத்தில் உதவியாளரும் நான், போக்குவரத்துத் துறையும் நான்.

வந்த அம்மாவின் கணவர், ஊருக்கு வெளியே குன்றின் மேல் இருக்கும் குவாட் கிளப்பின் தலைவர். குவாட் என்றால் நாலு தடித்த சக்கரம் வைத்த மோட்டார் சைக்கிள். மனிதன் போகவேண்டிய அவசியமே இல்லாத பாறை, சேறு, பள்ளம் எல்லாவற்றிலும் அது போகும். போய்விட்டுத் திரும்பி வரும். அதற்கு ஒரு கிளப், கிளப்புக்கு ஒரு கொடி, கொடியில் 'கையே துணை' என்று ஒரு வாசகம்.

வாசகத்துக்குக் காரணம் உண்டு. கிளப்பில் ரெண்டு கட்சி. தலைவரின் கட்சி கைக் கிளட்ச் கட்சி. இன்ஜினையும் சக்கரத்தையும் பிரித்துச் சேர்க்கிற லீவரை இடது கையால் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்து ஓட்டுவதுதான் ஓட்டுவது, மற்றதெல்லாம் சவாரி என்பது அவர்கள் கொள்கை. எதிர்க்கட்சியில் அந்த அம்மாவின் தம்பி கிட்டத்தட்டத் தனி ஆள். கிளப் இடத்திலேயே வாடகைக்கு குவாட் விடும் கடை வைத்திருக்கிறார். அவர் வண்டிகளில் இருப்பது ஆட்டோ கிளட்ச். ஆக்சிலேட்டரைத் திருகினால் தானாகப் பிடிக்கும், விட்டால் தானாக விடும். பாறை நடுவில் நின்றாலும் இன்ஜின் அணையாது. புதுசாக வருகிறவர்கள் கிளட்சோடு மல்லுக்கட்டாமல் பாதையைப் பார்த்து ஓட்டலாம். இந்தச் சௌகரியம்தான் தலைவருக்குப் பிடிக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கிளப் ஹாலில் தலைவர் ஒரு சொற்பொழிவு வைத்தார். தலைப்பு, ஆட்டோ கிளட்ச் தேவையா. தேவையில்லை என்று அழைப்பிதழிலேயே போட்டிருந்தது. வழக்கமாக ஷெட்டில் நிற்கும் தன் குவாட்டை, வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று மேட்டு விளிம்பில் கொண்டுவந்து நிறுத்தி, பின்னால் கிளப் கொடியையும் நட்டு வைத்துவிட்டு உள்ளே போனார். பாதிப் பேச்சில் அவர் மைத்துனரான அந்தத் தம்பி எழுந்து வெளியே நடந்தார். பேச்சு முடிந்து எல்லாரும் வெளியே வந்தபோது வண்டி சரிவின் அடியில் குட்டைக்குள் கிடந்தது. கொடி மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது.

"இன்னிக்குச் சாயந்திரம் கூட்டம் மேடம்," என்றார் அந்த அம்மா. "என் தம்பியை கிளப்பை விட்டு நீக்கறாங்க. கடையும் போயிடும். அது போனா வேற பொழைப்பு தேடிக்கலாம். ஆனா இவரு, உன் தம்பி இனிமே நம்ம வீட்டுப் படி ஏறக்கூடாதுன்னு சொல்லிட்டாரு. எங்கம்மா போனப்புறம் அவனுக்குத் தலை வாரிவிட்டு ஸ்கூலுக்கு அனுப்பினவ நான். ரெண்டு பேர்ல ஒருத்தரை எப்படிங்க வேண்டாம்னு சொல்றது?"

மேடம் ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் வைத்தார். வழக்கை ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம்.

அந்த அம்மா தன் காரில் முன்னால் போக, என் ஸ்கூட்டர் முக்கி முனகிக் குன்று ஏறியது. கிளப் வாசலில் பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். எல்லார் இடது கையிலும் ஒரு ரப்பர் பந்து. அமுக்குகிறார்கள், விடுகிறார்கள், அமுக்குகிறார்கள். பேசும்போதும் அமுக்குகிறார்கள். ஒருவர் தும்மும்போதுகூட நிறுத்தவில்லை. இது என்ன நோய் என்று மேடத்திடம் மெதுவாகக் கேட்டேன். விசாரிக்கலாம் என்றார்.

விசாரிக்க வேண்டிய அவசியம் வரவில்லை. தலைவரே சொன்னார். ஆள் வாட்டசாட்டம். முறுக்கிய மீசை, முழங்கால் வரை பூட்ஸ். போன வருஷம் இடது மணிக்கட்டில் கொஞ்சம் வலி இருந்ததாம். கிளட்ச் லீவர் கல்லாகக் கனத்ததாம். டாக்டர் ஓட்டாதே என்றாராம். டாக்டருக்கு என்ன தெரியும் என்று இவராகவே பந்துப் பயிற்சியைக் கண்டுபிடித்தாராம். இப்போது லீவர் பஞ்சாகிவிட்டதாம். பாறைப்படியில் ஒரு தடவைகூட வண்டி அணைவதில்லை, இறக்கத்தில் இழுத்துப் பிடிக்காமல் வெண்ணெயாக வழுக்கி இறங்குகிறது, எல்லாம் கைப் பக்குவம் என்றார். அந்த அற்புதத்தைப் பார்த்துத்தான் கிளப்பே பந்து வாங்கிவிட்டது.

"எப்பலேர்ந்து இந்தப் பலன்?" என்றார் மேடம்.

ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போய்விட்டு வந்ததிலிருந்து என்றார் தலைவர். அங்கே சும்மா உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் பந்தும் கையுமாக இருந்தாராம். மனைவி உடம்பு சரியில்லை என்று வரவில்லையாம், அதனால் தடுக்கவும் ஆள் இல்லையாம். சொல்லிக்கொண்டே மேஜையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தார். பேச்சை நிறுத்தாமலே அதைப் பக்கத்தில் நின்ற மனைவியிடம் நீட்டினார். அவரும் எதுவும் கேட்காமல் மூடியைத் திருகித் திறந்து கையில் கொடுத்தார். மேடம் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். தாகமோ என்று நான் நினைத்தேன்.

குற்றம் எப்படி நடந்தது என்பதையும் தலைவர் தயாராகவே வைத்திருந்தார். கியரில் இருக்கும் வண்டி உருளாது. இந்தக் கிளப்பில் யாருமே பார்க்கிங் பிரேக் போடுவதில்லை, முதல் கியரில் போட்டு இன்ஜினை அணைத்தால் போதும், அதுக்கு மேல் பிரேக்கும் போடுகிறவன் பயந்தாங்கொள்ளி. நியூட்ரலில் போட்டுத் தள்ளியிருந்தால் வண்டி நியூட்ரலில் கிடந்திருக்கும். ஆனால் முதல் கியரில் கிடந்தது. அப்படியென்றால் யாரோ ஏறி உட்கார்ந்து, கிளட்ச் லீவரைப் பிடித்தபடியே சரிவில் இறக்கி, குட்டைக்கு முன்னால் குதித்திருக்கிறான். அவ்வளவு நேர்த்தியாகக் கைக் கிளட்ச் பிடிக்கத் தெரிந்தவன் என் மைத்துனன், நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்றார். குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"அப்ப குற்றம் செய்யறதுக்காக உங்க கட்சிக்கு மாறியிருக்கார்," என்றேன். "சேர்த்துக்க வேண்டியதுதானே சார்?"

பந்துகள் ஒரு நொடி நின்றன. மேடம் என் காலை மிதித்துவிட்டு, வண்டியைப் பார்க்கலாமா என்று கேட்டார்.

வண்டியைக் கழுவி ஷெட்டில் நிறுத்தியிருந்தார்கள். ஹேண்டில் லேசாக வளைந்திருந்ததைத் தவிர பெரிய சேதம் இல்லை. கொடியை மட்டும் துவைத்து மறுபடி நட்டிருந்தார்கள். மேடம் இன்ஜினைப் பார்க்கவில்லை, சக்கரத்தைப் பார்க்கவில்லை. பெட்ரோல் டேங்கை விரலால் தடவினார். சிவப்பு டேங்க் பளபளவென்று இருந்தது. ஒரு சதுரத்தில் மட்டும் சேறு போகாமல் அப்பியிருந்தது.

"இங்க ஏதோ ஒட்டியிருந்தது. பசை இன்னும் இருக்கு. அதான் சேறு பிடிச்சிருக்கு."

தலைவருக்கு முகம் சிவந்தது. அதுவும் அவன் வேலைதான் என்றார். கல்யாணத்திலிருந்து வந்து பார்த்தால், மைத்துனன் தன் கடை ஸ்டிக்கரை இவர் டேங்கில் ஒட்டி வைத்திருக்கிறான். வாடகை வண்டியில் ஒட்டுவதைத் தலைவர் வண்டியில் ஒட்டுவதா. நகத்தால் சுரண்டி எறிந்தாராம். அன்றைக்கே அவன் கெட்ட எண்ணம் தெரிந்துவிட்டதாம்.

"என்ன எழுதியிருந்தது அதுல?"

"அவன் எழுதினதை நான் எதுக்குங்க படிக்கணும்?"

மேடத்துக்கு இது போதும்போல் இருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. வழக்கத்துக்கு மாறாக ஒன்றும் இல்லை.

மைத்துனரின் கடை சரிவில் கொஞ்சம் கீழே இருந்தது. தகரக் கூரை, வரிசையாக ஏழெட்டு வாடகை குவாட். அக்கா எங்களுக்கு முன்பே அங்கே போயிருந்தார். வீட்டுப் படி ஏறக்கூடாது என்று சொல்லியாயிற்று, ஆனால் டிபன் பாக்ஸ் படி இறங்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. தம்பி பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாப்பிடுகிறவர் முகத்தில் பசி இல்லை. அக்கா பார்க்கிறாரே என்று விழுங்கிக்கொண்டிருந்தார்.

நான் ஸ்கூட்டரைச் சரிவைப் பார்த்தபடி சைடு ஸ்டாண்டில் சாய்த்துவிட்டு இறங்கினேன். மேடம் கேள்வியை ஆரம்பித்தார். பேச்சு நடக்கும்போது ஏன் எழுந்து போனீங்க? மாமா என் பெயரைச் சொல்லாமல் என்னைத் திட்டினார், பெயரைச் சொல்லித் திட்டியிருந்தால் உட்கார்ந்திருப்பேன் என்றார். வண்டியைத் தொட்டீங்களா? இல்லை. வேறு யாராவது தொட்டதைப் பார்த்தீங்களா? இல்லை. அப்ப எப்படி வண்டி குட்டைக்குப் போச்சு? அவர் டிபன் பாக்ஸைப் பார்த்தார். தெரியாது என்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர் என்பது எனக்கே தெரிந்தது.

அப்போதுதான் பின்னால் கடகடவென்று சத்தம். திரும்பிப் பார்த்தால் என் ஸ்கூட்டர் ஸ்டாண்டை மடக்கிக்கொண்டு சரிவில் புறப்பட்டுவிட்டது. நான் ஓடினேன். அது என்னைவிட வேகமாக ஓடியது. முள்செடிப் புதர் ஒன்று குறுக்கே வந்து என் வாழ்வாதாரத்தைக் காப்பாற்றியது. கைகால் சிராய்ப்போடு அதைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தபோது மேடம் சிரித்துக்கொண்டிருந்தார். நான் அவர் சிரித்துப் பார்த்ததே இல்லை.

"நீ ஏன் உன் வண்டியை கியர்ல போட்டு நிறுத்தலை?" என்றார்.

"ஸ்கூட்டருக்கு ஏது மேடம் கியர்? இன்ஜின் ஓடினாத்தான் இதுல கிளட்ச் பிடிக்கும். அணைச்சிட்டா சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. சும்மா உருளும். இதுல இருக்கறது ஆட்டோ..."

சொல்லிக்கொண்டே வந்தவன் நின்றேன். வாய் முந்திக்கொண்டது, மூளை இப்போதுதான் வந்து சேர்ந்தது.

மேடம் வரிசையில் முதல் குவாட்டிடம் போனார். டேங்கில் சதுரமாக ஒரு மஞ்சள் ஸ்டிக்கர். 'இறங்கும்போது பார்க்கிங் பிரேக் போடவும்.' அவர் அதைச் சத்தமாகப் படிக்கவில்லை. விரலை வைத்துக் காட்டினார்.

"கியர்ல போட்டு அணைச்சா கைக் கிளட்ச் வண்டி நிக்கும். ஆட்டோ கிளட்ச் வண்டி நிக்காது. முதல் கியர்ல இருந்தும் உருளும். மேட்டு விளிம்பு, பின்னால பாய் மாதிரி ஒரு கொடி, காத்து. யாரும் ஏறவும் இல்ல, குதிக்கவும் இல்ல." மைத்துனரைப் பார்த்தார். "தலைவர் வண்டிக்குள்ள ஆட்டோ கிளட்ச் இருக்கு. லீவரை வெளிய அப்படியே விட்டு வெச்சிருக்கீங்க. பாட்டில் மூடி திறக்க முடியாத கைக்கு கிளட்ச் லீவர் பஞ்சாயிருக்குன்னா, மாறினது கை இல்ல. தலைவரோட வண்டில நீங்க எதுக்குத் திருட்டுத்தனமா கை வெச்சீங்க?"

மைத்துனர் டிபன் பாக்ஸ் மூடியை எடுத்து மூடினார். அது சரியாக மூடவில்லை. மறுபடி மூடினார்.

"அவன் கை வைக்கல மேடம்," என்றார் எங்களிடம் வழக்கைக் கொண்டுவந்த அக்கா. "நான்தான் வைக்கச் சொன்னேன்."

துப்பறியும் தொழிலில் நானும் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். தன்னையே கண்டுபிடிக்கச் சொல்லி ஆள் வைத்தவரை அன்றுதான் பார்த்தேன்.

அவர் பெஞ்சில் உட்கார்ந்து சொன்னார். டாக்டர் ஓட்டக்கூடாது என்றதும் தலைவர் கொஞ்ச நாள் வீட்டோடு இருந்தாராம். சோபாவில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக அந்தக் குன்றையே பார்ப்பாராம். சாப்பிடு என்றால் சாப்பிடுவார், தூங்கு என்றால் படுப்பார், அவ்வளவுதான். பிறகு யாருக்கும் தெரியாமல் வண்டியை எடுத்துப் போய், வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிட்டு வந்து, ராத்திரி கையை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். ஆட்டோ கிளட்ச் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்ல முடியுமா, சொன்னால் அன்றைக்கே வண்டியை விற்றுவிடுவார். அதனால்தான் கல்யாணத்துக்குப் போகாமல் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டு, தம்பியைக் கூப்பிட்டு மாற்றச் சொன்னாராம். திரும்பி வந்தவரிடம், சர்வீஸ் பண்ணினோம், கேபிள் புதுசு என்று சொன்னாராம்.

"அவரு பந்தாலதான்னு நம்பிட்டாரு. நம்பட்டுமேன்னு விட்டுட்டேன். அது இப்படி உருளும்னு எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா..." தம்பியைத் திரும்பிப் பார்த்தார். "உனக்குத் தெரியும். வண்டியைத் தூக்கினப்பவே தெரியும். ஏண்டா சொல்லல?"

"சொன்னா மாமாவுக்கு அவர் வண்டி விஷயம் தெரிஞ்சிடும்," என்றார் தம்பி. "யார் போடச் சொன்னதுன்னு அடுத்த கேள்வி வரும். உன் தலைல விழறது என் தலைல விழட்டும்னு விட்டேன் அக்கா. ஸ்டிக்கர் ஒட்டினேன், அவர் படிச்சு பிரேக் போடுவார்னு நினைச்சேன். அதுதான் நான் பண்ணின தப்பு."

ஸ்கூட்டரில் முள் எடுக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

மேடம் சுற்றி வளைக்கவில்லை. உண்மை வெளியே வந்தால் தம்பி தப்புவார், கணவர் தலை குனிவார். வராவிட்டால் கணவர் தலை நிமிர்ந்தே இருக்கும், தம்பி போய்விடுவார். அப்புறம் மறுபடி ஒரு மேட்டு விளிம்பில் அதே வண்டி நிற்கும், அப்போது கீழே குட்டைக்குப் பதிலாக யாராவது நிற்கலாம். கூட்டத்தில் நான் பேசட்டுமா, நீங்கள் பேசுகிறீர்களா என்று கேட்டார்.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வண்டியே பேசட்டும், கேட்கிறதுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்றார்.

சாயந்திரம் ஹாலில் தீர்மானத்தை வாசிக்க ஆரம்பித்த நேரத்தில் மேடம் எழுந்தார். விசாரணை முடிந்தது, குற்றவாளியைக் காட்டுகிறேன், ஆனால் சம்பவத்தைத் தலைவர் ஒரு தடவை நடித்துக் காட்டவேண்டும் என்றார். தலைவருக்கு மேடையென்றால் கசக்குமா. கூட்டம் மொத்தமும் பந்தும் கையுமாக மேட்டுக்கு வந்தது. ஷெட்டிலிருந்து வண்டியைத் தள்ளி வந்தார்கள். நான் மேடம் சொன்னபடி சரிவில் கொஞ்சம் கீழே மைத்துனரோடு போய் நின்றுகொண்டேன்.

தலைவர் ஏறி உட்கார்ந்தார். அன்று நிறுத்திய அதே இடம், அதே திசை. இடது கையால் லீவரைப் பிடித்தார், காலால் முதல் கியருக்குத் தட்டினார், லீவரை விட்டார். இறங்கினார். பார்க்கிங் பிரேக் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இதுதான் கைக் கிளட்சின் மகிமை, பத்து பேர் சேர்ந்து தள்ளினாலும் அசையாது என்று கூட்டத்துக்கு விளக்கினார்.

மேடம் பத்து பேரைக் கூப்பிடவில்லை. கொடிக் கம்பில் ஒரு விரலை வைத்து லேசாக அழுத்தினார்.

வண்டி கிளம்பியது. முதலில் தயங்கி, பிறகு மனம் தேறி, கொடி படபடக்கச் சரிவில் இறங்கி வந்தது. யாரும் கத்தவில்லை. கத்துவதற்கும் கொஞ்சம் புரிந்திருக்க வேண்டுமே. மைத்துனர் குறுக்கே பாய்ந்து ஹேண்டிலைப் பிடித்து பிரேக்கை அழுத்தினார். நானும் பின்னால் தொங்கினேன். அது நின்றபோது மேலே கூட்டத்தில் யாருடைய கையிலிருந்தோ ஒரு பந்து நழுவி, எங்களைத் தாண்டிக் குட்டையை நோக்கி உருண்டு போனது.

தலைவர் இறங்கி வந்தார். வண்டியைப் பார்த்தார். கியரைப் பார்த்தார். முதல் கியர். முரடர்தான், ஆனால் வண்டி தெரிந்தவர். முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போனது எனக்கு நன்றாகவே தெரிந்தது. பஞ்சான லீவர், அணையாத இன்ஜின், வெண்ணெயாக இறங்கிய இறக்கம்.

"யார் போட்டது?" என்றார்.

"நான்தாங்க போடச் சொன்னேன்," என்றார் மனைவி. பின்னாலேயே இறங்கி வந்திருந்தார். "நீங்க வெந்நீர்ல கைய வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தது எனக்குத் தெரியும். என்னால பார்க்க முடியல."

"ஊரே பார்க்க என்னைப் பொம்மையாக்கிட்டியே."

"பொம்மையா சோபாவுல இருந்தீங்க. அதான் போடச் சொன்னேன்."

கூட்டம் இறங்கி வந்துகொண்டிருந்தது. தலைவர் மீசையைத் தடவினார். திரும்பினார். பிறகு அவர் செய்ததைப் பார்த்து, இந்த மனுஷன் ஏன் தலைவராக இருக்கிறார் என்பது எனக்கு விளங்கியது. நண்பர்களே என்று ஆரம்பித்தார். எதையும் எதிர்ப்பதற்கு முன் தீர ஆராயவேண்டும் என்பது நம் கிளப்பின் கொள்கை என்றார். அப்படி ஒரு கொள்கை இருப்பதே அங்கே யாருக்கும் தெரியாது. ஆகவே தான் யாருக்கும் சொல்லாமல் தன் சொந்த வண்டியிலேயே ஆட்டோ கிளட்ச் போட்டு, சில மாதங்களாக ஒரு ரகசியச் சோதனை நடத்தி வந்ததாக அறிவித்தார். முடிவையும் சொன்னார். பாறையில் நல்லது. கைக்கு நல்லது. இறக்கத்தில் இன்ஜின் இழுத்துப் பிடிக்காது, பிரேக்கை நம்பித்தான் இறங்கவேண்டும். தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது. எல்லாவற்றையும்விட, கியரில் போட்டால் நிற்காது, அதை இப்போது கண்ணால் கண்டீர்கள். கிளப்பில் தடை வராது, தீர்மானம் வாபஸ்.

கை தட்டினார்கள். பந்தோடு தட்டியதால் சத்தம் சரியாக வரவில்லை. ஒருவர் மட்டும் அப்ப பந்துப் பயிற்சி என்று இழுத்தார். பயிற்சி பயிற்சிதான் என்று சொல்லிவிட்டார் தலைவர்.

"குற்றவாளியைக் காட்டறேன்னு சொன்னீங்களே மேடம்?" என்று இன்னொருவர் கேட்டார். காட்டியாச்சு, கீழே பிடிச்சு வெச்சிருக்காங்க என்று மேடம் வண்டியைக் காட்டினார்.

கூட்டம் கலைந்தது. தலைவர் கலையவில்லை. மைத்துனர் இன்னும் பிரேக்கை விடாமல் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரெண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் வண்டியையே பார்த்தார்கள். அக்கா நடுவில் நின்றார். அவர் கேட்டு வந்தது வண்டியைப் பற்றி இல்லை என்பதால், எனக்கு வழக்கு இன்னும் முடிந்ததாகத் தோன்றவில்லை.

"மாப்ள," என்றார் தலைவர். "அந்த ஸ்டிக்கர் இன்னொண்ணு இருக்கா?"

மைத்துனர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். எப்போதும் வைத்திருப்பார்போல. தலைவர் அதன் பின்தாளை உரிக்கப் பார்த்தார். வலது கையில் ஸ்டிக்கர், இடது கையின் கட்டைவிரல் ஓரத்தில் கீறுகிறது, தாள் வரவில்லை. மறுபடி கீறினார். அப்போதும் வரவில்லை. போய்க்கொண்டிருந்தவர்களில் சிலர் நின்று திரும்பிப் பார்த்தார்கள். மனைவி கை நீட்டப் போனார், மேடம் அவர் முழங்கையைத் தொட்டு நிறுத்தினார்.

தலைவர் சுற்றிலும் பார்த்தார். பார்க்கிறார்கள் என்பதைப் பார்த்தார். பிறகு ஸ்டிக்கரை மைத்துனரிடம் நீட்டினார்.

"உரிச்சுக் குடு மாப்ள. எனக்கு விரல் வரமாட்டேங்குது. ராத்திரி அக்கா கையால சாப்பிட வீட்டுக்கு வந்துடு."

மைத்துனர் பிரேக்கை என்னைப் பிடிக்கச் சொல்லிவிட்டு உரித்துக் கொடுத்தார். தலைவர் டேங்கில் அந்தப் பழைய சதுரத்தின் மேலேயே வைத்து உள்ளங்கையால் அழுத்தினார். கொஞ்சம் கோணலாகத்தான் ஒட்டியது. இந்தத் தடவை என்ன எழுதியிருக்கிறது என்று குனிந்து படித்தார். படித்துவிட்டு, வலது கையை நீட்டிப் பார்க்கிங் பிரேக்கைப் போட்டார்.